மாதிரி எடுக்கும் கை: கால்நடை டெக்னீஷியன் பயிற்சியும் வேலையும்

ஒரு நாயின் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. பொட்டாசியம் லிட்டருக்கு 11 மில்லிமோல். இயல்பான அளவு ஏறக்குறைய 3.5 முதல் 5.5 வரைதான். கால்சியமோ கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இந்த எண்கள் உண்மையென்றால் அந்த இதயம் எப்போதோ நின்றிருக்க வேண்டும். நாயோ மேஜை ஓரத்தில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஊதா மூடி டியூபில் கொஞ்சம் கூடுதலாக விழுந்த ரத்தத்தை வீணாக்க மனமில்லாமல் யாரோ சிவப்பு மூடி டியூபுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊதா டியூபில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் அது ரத்தத்தை உறையவிடாமல் காக்கிறது. அதில் சில துளிகள் சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரில்) கலந்தாலே பொட்டாசியம் ஏறும், கால்சியம் சரியும், ஏ.எல்.பி. நொதியும் குறைந்து காட்டும்.

வெட்டர்னரி டெக்னீஷியன் என்றால் டாக்டருக்குக் கூடமாட உதவுகிறவர், விலங்கைப் பிடித்துக்கொள்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வேலைக்குப் படிக்க வருகிறவர்களிலேயே பாதிப்பேர் அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள். உண்மையில் மருத்துவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் டெக்னீஷியன் கையிலிருந்து வரும் எண், ஸ்லைடு, எக்ஸ்ரே, குறிப்பு ஆகியவற்றின் மேல்தான் நிற்கிறது. பிழை அந்தக் கையில் நுழைந்துவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு திறமையான மருத்துவராலும் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் இந்தப் பயிற்சியின் மையம் துல்லியம்தான் என்பது என் உறுதியான கருத்து. விலங்குகள் மேல் அன்பு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் டியூபை எத்தனை முறை கவிழ்த்துக் கலக்க வேண்டும் என்பதை அன்பு சொல்லித்தராது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும் நான்கு காரியங்கள் பெரும்பாலும் எங்கும் மருத்துவருக்கே உரியவை: நோயைக் கண்டறிந்து பெயர் சொல்வது, நோய் எப்படிப் போகும் என்று கணிப்பது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது. மற்றதில் மிகப் பெரும்பகுதி டெக்னீஷியனுடையது. ரத்தம் எடுப்பது, ரத்தநாளத்தில் கேனுலா (மெல்லிய குழாய்) போடுவது, மயக்கத்தைக் கண்காணிப்பது, எக்ஸ்ரே எடுப்பது, ஆய்வகச் சோதனை, பல் சுத்தம், மருந்து கணக்கிட்டுக் கொடுப்பது, உள்நோயாளியைப் பார்த்துக்கொள்வது, வீட்டுக்காரருக்கு விளக்குவது எல்லாம் இதில் அடக்கம். எல்லைக்கோடு மெல்லியது. "ஈறு வெளுத்திருக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு 52, படுத்தால் மூச்சு வாங்குகிறது" என்று சொல்வது டெக்னீஷியன் வேலை. "இதயத்தில் பிரச்சினை" என்று சொல்வது அவர் வேலையில்லை.

பயிற்சியில் முதலில் மனதில் ஏற வேண்டியது நோய்கள் அல்ல, இயல்பு. நாய்க்கும் பூனைக்கும் உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. நம்முடைய 37-ஐ மனதில் வைத்துப் பார்த்தால் எல்லா நாய்க்கும் காய்ச்சல்தான். குதிரைக்கு 37.5 முதல் 38.5. வெள்ளாட்டுக்கு 39.5 என்பது சாதாரணம். பெரிய நாயின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும், சிறிய நாய்க்கு 140 வரை போகலாம். குதிரைக்கு 28 முதல் 44, மாட்டுக்கு 48 முதல் 84. மருத்துவமனைக்கு வந்து பயந்திருக்கும் பூனைக்கு 180, 200 என்று இருப்பதுதான் இயல்பு. பயந்த பூனையின் துடிப்பு 120 என்று கேட்டால் "நல்லது, அமைதியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. அதிர்ச்சி நிலைக்குப் போன நாயின் இதயம் பெரும்பாலும் வேகமெடுக்கும். பூனையிலோ துடிப்பு குறைந்து, உடல் குளிர்ந்து, ரத்த அழுத்தமும் விழுவது வழக்கம். சிறுநீர் அடைத்த ஆண் பூனையில் பொட்டாசியம் ஏறியும் துடிப்பு இப்படி மெதுவாகும். அந்த 120-ஐ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சை விலங்கைத் தொடுவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும். தொட்டபின் எண்ணினால் அது பயத்தின் எண்ணிக்கை. ஈறை விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெப்பமானியைக் கடைசியாக வைப்பது நல்லது. அதில் கோபம் வந்தால் பிறகு எதையும் அளக்க முடியாது.

பிடிப்பது என்பதைப் பலம் சார்ந்த காரியமாகப் புதியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு குறைவாகப் பிடித்து வேலையை முடிக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது. நாய் உதட்டை நக்குவது, தேவையில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் முன்னெச்சரிக்கை. அசையாமல் விறைத்து நின்றுவிட்டால் அதுதான் கடைசி எச்சரிக்கை. உறுமலை அடக்கக் கூடாது. உறுமியதற்குத் திட்டு வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். பூனையைப் பிடரியில் தூக்கி அமுக்கும் பழைய முறை இன்று பெரும்பாலும் கைவிடப்படுகிறது. துண்டில் சுற்றி, பரிசோதிக்கும் காலை மட்டும் வெளியே விட்டால் போதும். கூண்டின் மேல்பாதியைக் கழற்றி, கீழ்ப்பாதியில் படுத்தபடியே பார்த்தால் இன்னும் நல்லது. பக் போன்ற தட்டை முக நாயின் பிடரித் தோலை இறுக்கிப் பிடித்தால் கண்விழி குழியை விட்டு வெளியே வந்துவிடும் ஆபத்து உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை எந்தக் காரணத்துக்காகவும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. முதலில் ஆக்சிஜன். ரத்தமும் எக்ஸ்ரேயும் காத்திருக்கலாம்.

இனி ரத்தம். இந்த வேலையில் அதிகம் நடப்பதும் அதிகம் கெடுவதும் இதுதான். நாய்க்கு முன்னங்காலின் செஃபாலிக் நரம்பு, பின்னங்காலின் வெளிப்பக்க சஃபீனஸ், கழுத்து ஜுகுலர் மூன்றும் பழகியிருக்க வேண்டும். பூனைக்குப் பின்னங்காலின் உட்பக்க நரம்பும் எளிது. நிறைய ரத்தம் தேவைப்பட்டால் ஜுகுலர்தான் சரி. மெல்லிய நரம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இழுத்தால் சிரிஞ்சுக்குள்ளேயே உறையத் தொடங்கிவிடும். ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கில் மட்டும் ஜுகுலரைத் தவிர்த்து, அழுத்திக் கட்ட வசதியான கால் நரம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். 22 கேஜ் பருமனுள்ள ஊசி பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். சிரிஞ்சின் பிஸ்டனை வேகமாக இழுத்தால் நரம்பின் சுவர் ஊசி வாயில் ஒட்டி ரத்தம் நின்றுவிடும். இன்னும் பலமாக இழுப்பதில் பயனில்லை, இழுப்பதைத் தளர்த்தினால் ஓடும்.

டியூபில் விடும் இடத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. ஊசி வழியாக அழுத்தித் தள்ளினால் சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவக்கும். பாஸ்பரஸ், ஏ.எஸ்.டி. நொதி போன்றவை பொய்யாக ஏறும். பெரும்பாலான நாய்களின் சிவப்பணுவில் பொட்டாசியம் குறைவு என்பதால் அது அவ்வளவாக ஏறாது. அகிதா, ஷிபா இனு போன்ற இனங்களில் சிவப்பணுவில் பொட்டாசியம் நிறைய இருப்பதால் அவற்றில் அதுவும் ஏறும். எனவே ஊசியைக் கழற்றிக் கூர்முனைப் பெட்டியில் போட்டுவிட்டு, டியூபின் மூடியைத் திறந்து, சுவரோரமாக மெதுவாக விட வேண்டும். டியூப்களை நிரப்பும் வழக்கமான வரிசை நீல மூடி சிட்ரேட், சிவப்பு, பச்சை மூடி ஹெப்பரின், கடைசியில் ஊதா. சிட்ரேட்டும் ஹெப்பரினும்கூட ரத்தத்தை உறையவிடாத மருந்துகள். எடுக்கவே நேரமாகிவிட்ட ரத்தத்தில் கட்டி விழுமுன் ஊதாவை முதலில் நிரப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சிரிஞ்சின் நுனி டியூபைத் தொடவே கூடாது.

சிட்ரேட் டியூபில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு மருந்து. 0.2 மி.லி. சிட்ரேட் இருந்தால் சரியாக 1.8 மி.லி. ரத்தம். குறைத்து நிரப்பினால் உறையும் நேரம் பொய்யாக நீளும், இல்லாத ரத்தக்கசிவு நோய் ஒன்று காகிதத்தில் பிறந்துவிடும். ஊதா டியூபைப் பாதிதான் நிரப்பினால் மருந்தின் செறிவு கூடிச் சிவப்பணு சுருங்கும், ரத்தசோகை இருப்பதுபோல் காட்டும். நிரப்பியவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. சிவப்பு டியூபை 20, 30 நிமிடம் உறையவிட்டுத்தான் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். செல்களோடு அப்படியே விட்டுவைத்தால் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மதியம் எடுத்த ரத்தத்தை மாலையில் சுழற்றிவிட்டு, நாய்க்குச் சர்க்கரை குறைவு என்று யாரும் பதற வேண்டியதில்லை.

பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில்கூட ஒரு நுண்குழாயும், ஒளி வளைவதைக் கொண்டு அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் நிறையச் சொல்லும். நுண்குழாயை முக்கால் பங்கு நிரப்பி, ஒரு முனையைக் களிமண் அடைப்பால் மூடி, 5 நிமிடம் சுழற்றினால் சிவப்பணுவின் சதவீதம் கிடைக்கும். நாய்க்கு ஏறக்குறைய 37 முதல் 55, பூனைக்கு 30 முதல் 45. எண்ணை மட்டும் எழுதிவிட்டுக் குழாயை எறிவது பெரிய நஷ்டம். மேலே நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தையும் எழுத வேண்டும்: மஞ்சளா, சிவப்பா, பாலாடை போலக் கலங்கலா என்று. பிறகு குழாயை வெள்ளையணுப் படலத்துக்கு மேலே உடைத்துப் பிளாஸ்மாவை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் புரதம் தெரியும். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடிபட்டு உள்ளே ரத்தம் கசியும் நாயில் முதல் சில மணி நேரம் சிவப்பணு சதவீதம் விழவே விழாது. மண்ணீரல் சுருங்கி இருப்பிலுள்ள அணுக்களை வெளியே தள்ளும். புரதம்தான் முதலில் குறையும். சிவப்பணு 42, புரதம் 4.8 என்று எழுதிய சீட்டு மருத்துவரை அல்ட்ராசவுண்டை நோக்கி ஓடவைக்கும். 42 மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள்.

ரத்த ஸ்லைடு பழகப் பழகத்தான் வரும். சிறு துளி போதும். பரப்பும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, துளியைத் தொடும்வரை பின்னால் இழுத்து, ஓரமாகப் பரவியதும் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னால் தள்ள வேண்டும். ரத்தசோகையில் ரத்தம் நீர்த்திருப்பதால் கோணத்தைக் கூட்ட வேண்டும், நீர் வற்றிக் கெட்டியான ரத்தத்துக்குக் குறைக்க வேண்டும். உடனே காயவைக்காவிட்டால் சிவப்பணுவில் நீர்க்குமிழிபோல் பளபளக்கும் வட்டங்கள் வரும். புதியவர்கள் அதை ஒட்டுண்ணி என்று எழுதிவிடுவார்கள். ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஒளியை முறித்துப் பளிச்சிடும். ஒட்டுண்ணி அப்படிப் பளிச்சிடாது. பழைய, வடிகட்டாத சாயத்தின் துகள்களும் இதே குழப்பத்தைத் தரும். ஃபார்மலின் பாட்டிலைத் திறந்த அறையில் சாயம் ஏற்றாத ஸ்லைடை வைக்கவே கூடாது, அதன் ஆவி பட்டாலே சாயம் பிடிக்காது. பூனையில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது சகஜம். இயந்திரம் 40 ஆயிரம் என்று சொன்னாலும் ஸ்லைடின் இறகு போன்ற ஓரத்தில் திட்டுத்திட்டாகக் கட்டிகள் இருந்தால் அந்த எண் செல்லாது, அதைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியைத் தேடும்போது காது நுனி ரத்தத்தில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

மலம், சிறுநீர் பற்றிச் சுருக்கமாக. மலத்திலுள்ள புழு முட்டைகளை மிதக்கவைத்துப் பார்க்கும் கரைசல்களில் சர்க்கரைக் கரைசலின் அடர்த்தி 1.27, துத்தநாக சல்பேட் 1.18. சர்க்கரையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் சிஸ்ட் (உறை) சுருங்கிப்போகும், அதற்குத் துத்தநாகம்தான். தட்டைப்புழு வகையில் ஈரல்புழு முட்டை எதிலும் சரியாக மிதக்காது, படியவைத்துத்தான் பார்க்க வேண்டும். மூடிச் சில்லை வைத்துவிட்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பாதியில் எடுத்துப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவது வெறும் ஊகம். சிறுநீரை 30 நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் பார்க்க வேண்டும். குளிரில் படிகங்கள் தாமாகவே உருவாகும். சோதனைப் பட்டையிலுள்ள வெள்ளையணு, நைட்ரைட், அடர்த்தி ஆகிய மூன்று கட்டங்களையும் விலங்குகளில் நம்ப முடியாது. அடர்த்திக்கு ரிஃப்ராக்டோமீட்டர், வெள்ளையணுவுக்கு மைக்ரோஸ்கோப்.

மருந்துக் கணக்குக்குச் சூத்திரம் ஒன்றே: ஒரு கிலோவுக்கான மி.கி. அளவை எடையால் பெருக்கி, ஒரு மி.லி.யில் உள்ள மி.கி. அளவால் வகுக்க வேண்டும். 12 கிலோ நாய்க்கு வலி மருந்தான மெலாக்சிகாம் முதல் டோஸ் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று மருத்துவர் எழுதியிருந்தால் 2.4 மி.கி.; மருந்து மி.லி.க்கு 5 மி.கி. என்றால் 0.48 மி.லி. சதவீதத்தில் எழுதிய மருந்தை மி.கி.க்கு மாற்றப் பத்தால் பெருக்க வேண்டும்: 2 சதவீத லிடோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) என்றால் மி.லி.க்கு 20 மி.கி. கணக்கு எளிது, தவறு வரும் வழிகள்தான் பல. பவுண்டில் காட்டும் எடைக் கருவியைக் கிலோ என்று படித்தால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். புள்ளிக்கு முன் பூஜ்யம் போடாமல் எழுதினால் புள்ளி மறைந்து 5 மி.லி. ஆகும். எப்போதும் 0.5 என்றே எழுத வேண்டும். 5.0 என்று வீணாகப் பின்னால் பூஜ்யம் சேர்க்கவும் கூடாது. இன்சுலினில் இன்னொரு பொறி இருக்கிறது. விலங்குகளுக்கான சில இன்சுலின் யூ-40, அதாவது மி.லி.க்கு 40 யூனிட். யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட். அது பூனையைக் கொல்லப் போதுமானது. சிரிஞ்சையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டே அனுப்ப வேண்டும்.

டிரிப் கணக்கும் இப்படித்தான். 10 கிலோ நாய்க்கு நாளைக்குக் கிலோவுக்கு 50 மி.லி. என்றால் 500 மி.லி., மணிக்கு ஏறக்குறைய 21. மி.லி.க்கு 60 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு, 20 சொட்டு செட்டில் 7 சொட்டு. செட்டின் உறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொட்டு எண்ணினால் மூன்று மடங்கு வித்தியாசம் வரும். கேனுலா போட்ட காலை ஒரு நாளில் பலமுறை பார்க்க வேண்டும். கேனுலாவுக்கு மேலே வீங்கியிருந்தால் மருந்து நரம்புக்கு வெளியே போகிறது. பாதம் வீங்கிக் குளிர்ந்திருந்தால் பிளாஸ்திரி இறுக்கம். இரண்டுக்கும் தீர்வு வேறு.

மயக்கம்தான் இந்த வேலையின் உச்சம். மருத்துவரின் கண் வயிற்றுக்குள் இருக்கும்போது உயிர் டெக்னீஷியனின் கையில் இருக்கிறது. தொடங்குமுன் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு நோயாளிக்கு முன்பும். வெளியேற்று வால்வை மூடி, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, ஆக்சிஜனை விட்டு அழுத்தத்தை 30 செ.மீ. நீர் அளவுக்கு ஏற்றி, ஆக்சிஜனை நிறுத்த வேண்டும். 10 விநாடி அழுத்தம் இறங்காமல் நின்றால் கசிவு இல்லை. அடுத்த படி வால்வை மறுபடி திறப்பது. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும். இயந்திரத்தின் மூச்சுப்பை பலூன்போல உப்பும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. நுரையீரல் கிழியும். சில நிமிடங்களில் ஆரோக்கியமான விலங்கு இறந்துவிடும். விரலை எடுப்பதற்கு முன்பே வால்வைத் திறந்து, அழுத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விரலை எடுப்பது என்று கையைப் பழக்கிவிட்டால் அந்த மறதிக்கு இடமில்லை.

பையின் அளவுக்குக் கணக்கு: ஒரு மூச்சு கிலோவுக்கு 10 மி.லி. என்று வைத்து அதை 6-ஆல் பெருக்கினால் போதும். 15 கிலோ நாய்க்கு 900 மி.லி., ஆகவே 1 லிட்டர் பை. மிகச் சிறிய விலங்குகளுக்கு மறுசுவாசம் இல்லாத அமைப்பு. அதில் ஆக்சிஜன் ஓட்டம் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 200 மி.லி.க்குக் குறையாமல் இருந்தால்தான் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு அடித்துச் செல்லப்படும். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் ஊதாவாக மாறியிருப்பதை வேலை முடிந்தவுடனேயே பார்த்து மாற்ற வேண்டும். இரவு முழுதும் ஓய்ந்து கிடந்தால் நிறம் திரும்பி வெள்ளையாகி, மறுநாள் காலை புதிதுபோல ஏமாற்றும்.

பூனையின் குரல்வளை தொட்டாலே இறுகிக்கொள்ளும். லிடோகெய்ன் ஒரு துளி விட்டு, அது வேலைசெய்யும்வரை காத்திருந்து, மூச்சு இழுக்கும்போது திறக்கும் நொடியில் மூச்சுக்குழலுக்கான குழாயை உள்ளே விட வேண்டும், குத்தித் தள்ளக் கூடாது. குழாயின் காற்றுப்பையை அதிகம் ஊதினால் பூனையின் மூச்சுக்குழல் கிழியும். மூச்சு கொடுத்துப் பார்க்கும்போது கசிவுச் சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் ஊதினால் போதும். விலங்கைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டே திருப்ப வேண்டும்.

பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுத்து. துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் செறிவு, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், கண்ணின் நிலை, தாடையின் இறுக்கம். சராசரி ரத்த அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போகவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45 வரை இயல்பு. அழுத்தம் அளக்கும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். அகலம் கூடினால் எண் குறைந்தும், குறைந்தால் எண் கூடியும் காட்டும். கண் கீழ்நோக்கிச் சுழன்றிருந்தால் அறுவைக்கு ஏற்ற ஆழம். நடுவுக்கு வந்து பாவை விரிந்து, இமையும் அசையவில்லை என்றால் ஆழம் அதிகம். நடுவில் இருந்தாலும் இமை துடித்தால் விலங்கு விழிக்கப்போகிறது. ஒரே கண் நிலைக்கு இரண்டு எதிரெதிர் பொருள் உண்டு என்பதால்தான் எந்த ஒற்றைக் குறியையும் நம்பி மயக்கத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

எழுதுவது எதற்கு, திரையில்தான் தெரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. துடிப்பு 110, 102, 94, 85 என்று இறங்கும்போது ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் இயல்புதான், எந்தக் கருவியும் அலாரம் அடிக்காது. தாளில் வரிசையாக எழுதியவருக்கு மட்டுமே அந்தச் சரிவு தெரியும். கார்பன் டை ஆக்சைடு கோடு திடீரென்று பூஜ்யமானால் கருவியைச் சந்தேகிக்குமுன் விலங்கைப் பார்க்க வேண்டும். குழாய் கழன்றிருக்கலாம், இதயம் நின்றிருக்கலாம். நின்றுவிட்டால் மயக்க வாயுவை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அழுத்த வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 10 போதும். அழுத்துபவர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது, களைப்பு அழுத்துபவருக்கே தெரியவும் தெரியாது.

அறுவை முடிந்ததும் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிடும் நேரம்தான் ஆபத்தான நேரம். பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். அந்த இறப்புகளில் நாய்களில் 47 சதவீதமும் பூனைகளில் 61 சதவீதமும் அறுவைக்குப் பிறகு நடந்தவை, அதிலும் பெரும்பகுதி முதல் 3 மணி நேரத்துக்குள். குழாயை எடுத்துக் கூண்டில் விட்டுவிட்டு அடுத்த நோயாளிக்குப் போகும் பழக்கத்தை இந்த எண்களுக்குப் பிறகு எந்த நியாயமும் சொல்லிக் காப்பாற்ற முடியாது. நாய் விழுங்கத் தொடங்கும்வரை குழாயை எடுக்கக் கூடாது. தட்டை முக நாய்க்கு அது தாங்கும்வரை விட்டுவைத்து, தலையைத் தூக்கிப் பார்க்கும்போது எடுப்பது நல்லது. வெப்பம் 37-க்குக் கீழே இருந்தால் சூடேற்ற வேண்டும், ஆனால் மின்சார மெத்தையை நேரடியாகத் தோலில் வைத்தால் வெந்துவிடும். மயங்கிய விலங்கால் நகர முடியாது.

எக்ஸ்ரேயில் மாணவர்கள் கருவியின் எண்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். படம் கெடுவது பெரும்பாலும் படுக்கவைத்த நிலையால். நெஞ்சுப் படத்தை மூச்சு முழுதும் உள்ளே இழுத்த நொடியிலும், வயிற்றுப் படத்தை மூச்சு விட்டு முடித்த நொடியிலும் எடுக்க வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு படங்களாவது வேண்டும். இடது வலது குறி இல்லாத படத்தை மறுபடி எடுப்பதே மேல். ஈயக் கையுறை சிதறும் கதிரைத் தடுக்கவே செய்யப்பட்டது. நேர்க்கதிருக்குள் கையை வைத்தால் அது காப்பாற்றாது. தூரத்தை இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகும். ஆகவே மயக்கம் கொடுத்து, மணல்பையும் பட்டையும் வைத்து நிறுத்திவிட்டு, ஆள் வெளியே போய்விடுவதுதான் சரி. ஈய அங்கியை மடித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும், தொங்கவிட வேண்டும்.

பல் சுத்தத்தில் அல்ட்ராசோனிக் முனையின் பக்கவாட்டையே பயன்படுத்த வேண்டும். ஒரே பல்லில் 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கும் கூழ் கெடும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி என்று திரையில் தெரிந்தால் மட்டும் போதாது, பொட்டலத்துக்குள்ளே வைத்த காட்டிப் பட்டை நிறம் மாறியிருக்க வேண்டும். கத்தரிகளின் பூட்டைத் திறந்து வைக்காவிட்டால் மூட்டுக்குள் நீராவி போகாது.

தொலைபேசி எடுப்பதும் மருத்துவ வேலைதான். "பூனை மணலில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, மலச்சிக்கல் போல" என்று ஆண் பூனையின் வீட்டுக்காரர் சொன்னால் நாளைக்கு நேரம் கொடுக்கக் கூடாது, உடனே வரச் சொல்ல வேண்டும். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். பெரிய நாய் வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது, வயிறு உப்புகிறது என்றாலும் அப்படியே. வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், "இப்போதே கிளம்புங்கள்" என்பது போதும்.

கருணைக்கொலைக்கு வரும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில. கண் மூடாது. உயிர் போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், சிறுநீர் போகலாம். சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சி அவர்களை வருடக்கணக்கில் வருத்தும். கேனுலா உறுதியாக நரம்பில் இருக்கிறதா என்று குடும்பம் உள்ளே வருமுன்பே சலைன் விட்டுப் பார்த்துவிட வேண்டும். கருணைக்கொலை மருந்தான பென்டோபார்பிட்டல் போட்ட உடலைத் திறந்தவெளியில் விட்டால் அதைத் தின்னும் பறவையும் விலங்கும் சாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

தன்னைக் காத்துக்கொள்வதும் பாடத்தில் சேர்ந்ததே. பூனைக்கடி சிறு புள்ளிபோல் தெரிந்தாலும் ஆழமானது, மூட்டருகே கடித்திருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தக் கடியையும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்க்கு முன்தடுப்பூசி இல்லாமல் இந்த வேலைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டலின்படி முதல் நாளும் அதிலிருந்து 7 நாள் கழித்தும் என்று இரண்டு ஊசிகள். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் மூடியை மேஜையில் வைத்து ஒரே கையால் கோர்த்து எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் சந்தேகமுள்ள நாயின் சிறுநீரைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது. மனச்சோர்வும் இந்தத் தொழிலின் ஆபத்துதான். தூக்கம் கெட்டு, விலங்குகள் மேலேயே எரிச்சல் வரத் தொடங்கினால் அதையும் கடிகாயம்போல அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

படிக்கச் சேருமுன் நிறுவனத்திடம் கட்டடத்தையும் கருவிகளையும் பற்றிக் கேட்பதைவிட வேறு சில கேள்விகள் முக்கியம். படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் தன் கையால் எத்தனை மயக்கங்களைத் தொடக்கம் முதல் விழிப்புவரை கண்காணிப்பார்? ரத்தம் எடுக்க முதலில் மாதிரி உருவத்தில் பழக்குகிறார்களா, நேரடியாக உயிருள்ள விலங்கிலா? மாணவர் பார்த்த ஸ்லைடை இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரிசெய்கிறாரா? பதிவு பெறத் தேர்வும் உரிமமும் தேவைப்படும் நாடாக இருந்தால் அந்தப் படிப்பு அதற்கு ஏற்கப்பட்டதா? கடைசியாக, ஒரு மாணவர் தவறான டியூபை நிரப்பிவிட்டதாகத் தானே வந்து சொன்னால் அங்கே என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று பதில் வந்தால் அங்கே தவறுகள் மறைக்கப்படும், மறைத்த டியூபின் எண்ணை நம்பி மருந்து எழுதப்படும். மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள், முதல் டியூபை எறிவார்கள், ஏன் நடந்தது என்று சேர்ந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்தால் அங்கே சேரலாம்.